எண்ணெய் ஒட்டவில்லை, சரி... ஈரம் நின்றதா?

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பிள்ளை ஊருக்கு வரும்போது, பெட்டியில் பேரீச்சம்பழத்தோடு இப்போது இன்னொன்றும் வருகிறது. அழகான குப்பியில் கமகமக்கும் ‘டிரை பாடி ஆயில்’! நாகர்கோவில் கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கிப் பூசிவிட்டு என்னிடம் வருகிறவர்கள் சொல்வது இதுதான்: “தேய்ச்சா ஒட்டவே மாட்டேங்கு டாக்டர். மணமும் நல்லாத்தான் இருக்கு. ஆனா கால் சொறி மட்டும் நிக்கல்லியே?”

ஏன் நிற்கவில்லை என்று பார்ப்போமா?

எண்ணெய் காயுமா?

காயாது. இந்த வகை எண்ணெய்கள் மிக இலேசானவை. மெல்லிசாகப் பரவிவிடுவதால் பிசுக்குத் தெரிவதில்லை. சிலவற்றில் சீக்கிரம் ஆவியாகும் சிலிக்கோனும் சேர்ப்பார்கள். லேபிளில் ‘கேப்ரிலிக் கேப்ரிக் டிரைகிளிசரைடு’ என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைவிதை எண்ணெயிலிருந்தோ பிரித்தெடுப்பதுதான் அது. நம்ம ஊர்த் தேங்காயே வேறு சட்டை போட்டு வந்திருக்கலாம்!

ஒன்றை மனதில் வையுங்கள். எந்த எண்ணெயிலும் தண்ணீர் கிடையாது. தோலில் ஏற்கெனவே இருக்கிற ஈரம் வெளியேறாமல் மூடி வைப்பதுதான் அதன் வேலை. காய்ந்து போன காலில் பூசினால், காலிப் பானைக்கு மூடி போட்ட கதைதான்.

எப்போது பூச வேண்டும்?

குளித்து முடித்து, துண்டால் ஒற்றிவிட்டு, உடம்பில் இலேசான ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடித்தால் நல்லது. ஒரு காலுக்கு அரை டீஸ்பூன் போதும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் அடிக்கடி சோப்பும் தோலின் சொந்த எண்ணெய்ப் பசையைக் கொண்டுபோய்விடும். இரண்டையும் குறையுங்கள்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று உங்கள் தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சித்த மருத்துவமும் இந்த இரண்டு மாதத்தை முதுவேனில் என்று பிரித்து, வறட்சியைத் தரும் வாதம் அப்போது வளரும் என்கிறது. அந்த நாட்களில் இரண்டு வேளை பூசலாம்.

விலைக்கேற்ற பலனா?

பிலிப்பைன்ஸில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், தோல் வறட்சி உள்ள 34 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தேங்காய் எண்ணெயையும், மறு குழு மினரல் ஆயிலையும் தினம் இரண்டு வேளை, இரண்டு வாரம் கால்களில் பூசினார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பலன்தான். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி நம் பாட்டிமார் எடுத்த உருக்கெண்ணெய், இந்த வேலைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. முகப்பரு உள்ளவர்கள் மட்டும் அதை முகத்தில் பூச வேண்டாம்.

மணத்தில்தான் கவனம்!

ஒவ்வாமை பெரும்பாலும் எண்ணெயால் வருவதில்லை, வாசனையால் வருகிறது. ‘இயற்கை வாசனை’ என்றாலும் இதே கதைதான். லினலூல், லிமோனீன் போன்ற மணப்பொருள்கள் காற்றுப் பட்டுப் பழசானால் தோலை அதிகம் உறுத்தும். தோவாளைப் பிச்சிப்பூவை எண்ணெயில் ஊறப்போடுவதும் நல்லதல்ல. பூவின் ஈரத்தால் எண்ணெய் கெட்டுப்போகும். மணம் வேண்டுமென்றால், நன்றாகக் காய்ந்த வெட்டிவேர் 10 கிராமை 200 மில்லி தேங்காய் எண்ணெயில் போட்டு, மூன்று நாள் வெயிலில் வைத்து வடிகட்டுங்கள். கார்போகரிசி சேர்க்காதீர்கள். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்து, கொப்பளிக்கக்கூடும்.

எதைப் பூசுவதானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், தினம் இரண்டு வேளை, 7 நாள் பூசிப் பாருங்கள். சிவப்பு, அரிப்பு வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கல்யாணப் பெண் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புதுக் குப்பியைத் திறக்கவே கூடாது! கைக்குழந்தைக்கு மணமுள்ள எண்ணெயே வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரு காலில் புது எண்ணெய், மறு காலில் உருக்கெண்ணெய் என்று 14 நாள் பூசிப் பாருங்கள். எது நல்லது என்று உங்கள் கால்களே சொல்லும்.

எண்ணெய் மட்டும் போதாத இடங்கள்

* வட்ட வட்டமாகப் படரும் படர்தாமரை, நீர் கசியும் கரப்பான், புண்: எண்ணெய் பூசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

* சர்க்கரை நோயாளிகள் கால் விரல் இடுக்கில் பூச வேண்டாம். வெடிப்பையும் சொறிந்த காயத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். சின்னக் கீறலும் ஆறாத புண்ணாகலாம்.

* பெரியவர்கள் உட்கார்ந்து பூச வேண்டும். உள்ளங்காலைத் துடைத்துவிட்டே எழ வேண்டும். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் என்ன செய்வது?

* அடுப்பு, விளக்குப் பக்கத்தில் ஸ்பிரே அடிக்கக் கூடாது.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் உடம்பு முழுக்க அரிப்பு நிற்கவில்லையா? அது தோலோடு நிற்கிற விஷயமாக இல்லாமல் இருக்கலாம். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை நான்கையும் பரிசோதித்துவிடுங்கள். வாசனை எண்ணெயைப் பூசிப்பூசி, உள்ளே இருக்கும் நோயை மறைத்துவிடாதீர்கள்.