சுருள்முடி நாய்க்குட்டியும் சில ஆயிரம் வெள்ளியும்



நம் தோட்டங்களில் நாய்க்குட்டிக்கு யாரும் விலை பேசியதில்லை. அடுத்த லயத்தில் நாய் குட்டி போட்டிருந்தால், பால் மறக்கும் வரை காத்திருந்து ஒன்றைக் கேட்டுத் தூக்கி வருவோம். அது மணியாகவோ கறுப்பனாகவோ வளர்ந்து, விடியுமுன் பால் வெட்டப் போகும் தாய்மாரின் பின்னால் நடந்து போகும். இரவில் லயத்துக்குக் காவல் இருக்கும். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சுங்கை சிப்புட்டிலும் கம்பாரிலும் தாப்பாவிலும் பிறந்த பிள்ளைகள் ஈப்போவில் குடியேறினார்கள். நாய் வீட்டுக்கு வரும் வழியும் மாறிவிட்டது. இப்போது குட்டி முதலில் கைத்தொலைபேசியில் படமாக வருகிறது. சுருள்சுருளாக முடி, பொத்தான் போன்ற கண், கழுத்தில் ஒரு நாடா. பெயர் கவாப்பூ என்கிறார்கள், மால்ட்டிப்பூ என்கிறார்கள். விலை சில ஆயிரம் வெள்ளி.

தங்கையின் கணவரோ மாமன் மகனோ, இப்படி ஒரு குட்டிக்கு முன்பணம் கட்டப்போவதாகச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு குட்டியின் விலை அதையும் தாண்டி நிற்பதைப் பார்க்கிறோம். வேண்டாம் என்று சொன்னாலோ, "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்ற பதில் வருகிறது. பெரியவர்களின் இந்தக் கவலையில் எது நியாயம், எது வீண் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. பூடில் என்பது அதிகம் முடி உதிர்க்காத சுருள்முடி நாய். அதை வேறொரு சாதி நாயுடன் சேர்த்துப் பிறக்கும் குட்டிகளுக்குத்தான் பூ என்றும் டூடில் என்றும் முடியும் பெயர்களைச் சூட்டுகிறார்கள். 1980-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் வாலி கோன்ரன் என்பவர் நாய் இனப்பெருக்கப் பொறுப்பாளராக இருந்தார். ஹவாய்த் தீவில் இருந்த பார்வையற்ற பெண்மணி ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. ஆனால் அவருடைய கணவருக்கு நாய் முடி ஆகாது. கோன்ரன் பூடில்களைப் பழக்கிப் பார்த்தார். ஒன்றும் அந்த வேலைக்குத் தேறவில்லை. பிறகு லாப்ரடார் நாயையும் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்தபோது, ஒரே ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது.

மீதிக் குட்டிகளை என்ன செய்வது? கலப்பு நாய் என்றதும், வழிகாட்டி நாய்க் குட்டிகளை எடுத்து வளர்த்துக் கொடுக்கும் குடும்பங்கள் அவற்றை ஏற்க முன்வரவில்லை. அப்போதுதான் கோன்ரன் லாப்ரடூடில் என்று ஒரு பெயரைக் கட்டி, புதிய வகை நாய் என்று செய்தி வெளியிடச் செய்தார். வேண்டும் வேண்டும் என்று தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. குட்டி மாறவில்லை, பெயர்தான் மாறியது. பணம் பார்க்கும் ஆசையில் கண்டவர்களும் இந்த வேலையில் இறங்கியதைக் கண்டு, தாம் செய்ததற்காக வருந்துவதாக 2019-இல் அவரே ஆஸ்திரேலிய ஒலிபரப்பு ஒன்றில் மனம்விட்டுச் சொன்னார்.

அந்த மூன்று குட்டிகளும் ஒரே தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தவை. இருந்தும் ஒன்றுதானே தேறியது? இது ஏன் என்பதை நம் தோட்டத்து ஆட்களுக்கு விளக்குவது எளிது. ரப்பர் மரத்தில் ஒட்டுக்கன்று உண்டு, விதைக்கன்றும் உண்டு. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டினால், ஆயிரம் கன்றும் அதே மரம்தான். அதே மரத்தின் கொட்டை விழுந்து முளைத்தாலோ, ஒன்று பால் கொட்டும், அடுத்தது சொட்டும். நாயை ஒட்டுப்போட முடியாது. பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் விதைக்கன்றுதான்.

செம்பனை இன்னும் பொருத்தமான உதாரணம். தடித்த ஓடுள்ள டூரா மரத்தையும் ஓடில்லாத பிசிஃபெரா மரத்தையும் சேர்த்தால், மெல்லிய ஓடுள்ள டெனெரா கிடைக்கிறது. ஆனால் டெனெரா மரத்தடியில் தானாக முளைத்த கன்றுகளைப் பிடுங்கி நட்டால், பாதிதான் டெனெராவாக வரும். கால்பங்கு பழைய தடித்த ஓட்டுக்கே திரும்பிவிடும். மீதிக் கால்பங்கு, பெரும்பாலும் குலை பழுக்காமலே அழுகிப்போகும் பிசிஃபெரா. அதனால்தான் எந்தத் தோட்டத்திலும் அடியில் முளைத்ததை எடுத்து மறுநடவு செய்வதில்லை. கவாப்பூவையும் கவாப்பூவையும் சேர்த்து எடுத்த குட்டிகளை விற்பவர் செய்வது கிட்டத்தட்ட அதே வேலை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டின் தடிப்பை ஆளுவது ஒரு மரபணு. நாயின் முடியோ நீளம், சுருள், மீசையும் புருவமும் என்று மூன்று மரபணுக்களின் சேர்க்கையால் பெரும்பாலும் அமைகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தார்கள். எட்டு வாரக் குட்டியின் படத்தைப் பார்த்து, இது வளர்ந்தபின் முடி உதிர்க்காது, இதற்குமேல் பெரிதாகாது என்று உறுதி சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே பேச வேண்டும்.

இனி ஆஸ்துமா விஷயம். "இது முடி உதிராத நாய், இழுப்பு உள்ள பிள்ளைக்கும் ஒன்றும் செய்யாது" என்று சொல்லித்தான் பல வீடுகளில் இந்தக் குட்டியை விற்கிறார்கள். இந்தப் பேச்சில் நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் முடி அன்று. நாயின் எச்சிலிலும் தோல் பொடியிலும் உள்ள புரதம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமை தராது என்று பெயர்பெற்ற பூடில், லாப்ரடூடில் முதலிய நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. வீட்டுக் காற்றில் அளந்தபோது இரு வகைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே இழுப்பு உள்ள பிள்ளையோ, மார்ச்சளிக்காரப் பெரியவரோ இருக்கும் வீட்டுக்கு, பெயரை நம்பி எந்த நாயையும் கொண்டுவரக் கூடாது. விற்பவர் அனுமதித்தால், அந்த ஆளையே அழைத்துப்போய்க் குட்டியோடும் தாயோடும் ஒன்றுக்கு இரண்டு முறை உட்கார வைத்துப் பார்க்கலாம். மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

கலப்பு நாய்க்கு நோயே வராது என்பது இன்னொரு பேச்சு. தந்தைக்கும் தாய்க்கும் வேறுவேறு குறை இருந்தால் கலப்பில் அது மறையக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே குறை இருவரிடமும் இருந்தால்? பூடில், லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் ஆகிய மூன்றிலும், கண்ணின் விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போகும் ஒரே பரம்பரை நோய் ஒளிந்திருக்கிறது. சேர்க்கும் முன் பெற்றோரைச் சோதித்தால்தான் தெரியும். இங்கிலாந்தின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2024-இல் காக்கப்பூ, கவாப்பூ, லாப்ரடூடில் ஆகியவற்றை அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை. கலப்பு என்பதால் மோசம் என்று பயப்படவும் வேண்டியதில்லை. கலப்பு என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவும் காரணமில்லை.

உதிராத முடிக்கு ஒரு விலை உண்டு. அது வளர்ந்துகொண்டே போகும். நாள்தோறும் சீவாவிட்டால் சிக்குப் பிடித்துக் கம்பளியாகி, மழைக்காலத்தில் அடியில் ஈரம் தங்கித் தோல் புண்ணாகிவிடும். ஈப்போவின் நண்பகல் வெயிலில் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாய் என்ன பாடுபடும்? ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் கூலி. நாட்டு நாயின் குட்டை முடியில் உண்ணி கண்ணுக்குத் தெரியும். இந்தச் சுருளுக்குள் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

இந்த வேலைகளை யார் செய்யப் போகிறார்கள்? மாப்பிள்ளையும் தங்கையும் தொழிற்சாலையில் மாறிமாறி ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவு தர வேண்டும். தனியாகக் கிடந்தால் நாள் முழுக்கக் கத்தும். அடுக்குமாடி வீடாக இருந்தால் பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள். அண்டை அயலாருக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது என்று அடுக்குமாடி நிர்வாக விதிகளிலேயே இருக்கிறது. கடைசியில் என்ன நடக்கிறது? குட்டி காரில் ஏறி, பழைய தோட்டத்து வீட்டில் இருக்கும் அம்மாவிடம் வந்து சேர்கிறது. இத்தகைய நாய் 12 முதல் 15 ஆண்டு வரை உயிர்வாழக்கூடியது. அம்மாவுக்கு இப்போது 68 வயது என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வாங்குகிறவரைவிட வளர்க்கப்போகிறவரை முதலில் கேட்பதுதான் முறை. அந்தக் கேள்வியை யாரும் அம்மாவிடம் கேட்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் உறவினர் வாங்குவேன் என்று நின்றால், சண்டை போட்டுப் பயனில்லை. பரிகாசமும் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆசைகாட்டிவிட்ட மனிதர், சபையில் தாழ்த்திப் பேசினால் அதற்காகவே வாங்கிவிடுவார். "மச்சான், பணம் கட்டுமுன் ஒருதடவை தாய் நாயைப் பார்த்துவிட்டு வருவோமே, நானும் வருகிறேன்" என்று கூடப்போவது நல்லது. தாயைக் காட்ட மறுப்பவர், "வீட்டுக்கு வரவேண்டாம், வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கொண்டுவந்து தருகிறேன்" என்பவர், பலவகைக் குட்டிகளை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பவர் ஆகியோரிடம் வாங்கக் கூடாது. அடைத்த கூண்டில் ஓய்வில்லாமல் குட்டி ஈன்று மெலிந்த தாய் எங்கோ இருக்கும். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்கு வியாபாரம் செய்வோர் உரிமம் வைத்திருக்க வேண்டும். கொடுமை செய்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? வெளிநாட்டுக் குட்டி என்றால் இறக்குமதி அனுமதியையும் கேட்க வேண்டும். மரபுச் சான்றிதழ் தருகிறேன் என்று கலப்பினக் குட்டிக்கு ஒரு தாளை நீட்டினால் அதற்கு மதிப்பில்லை. அத்தகைய சான்றிதழ் தனிச்சாதி நாய்களுக்கே உரியது.

படத்தை மட்டும் காட்டி முன்பணம் வாங்குவது, பிறகு வண்டிக் கூலி, கூண்டுக் கூலி என்று மேலும் மேலும் கேட்பது பழகிப்போன ஏமாற்று. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழைக்க வேண்டும். அழைப்பதற்குத் தாமதமானால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம்.

குட்டி எட்டு வாரமாவது தாயிடம் இருந்திருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றும் இருக்க வேண்டும். ஒரே ஊசியோடு காரியம் முடிந்துவிடாது. ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் வரை போட வேண்டும். பார்வோ என்ற நோய் 1978-இல் உலகெங்கும் பரவியது. இன்றும் குட்டிகளைக் கொல்வதில் முன்னிற்பது அதுதான். அந்தக் கிருமி உடம்பில் புகுந்து சில நாள் கழித்தே நோய் வெளியே தெரியும். அதனால்தான் கடையில் துள்ளிய குட்டி, வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் வாந்தியும் இரத்தப்போக்குமாய்ச் சுருண்டு விழுகிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. சோற்றுக் கஞ்சியும் கைமருந்தும் கொடுத்து ஒருநாள் பார்ப்போம் என்று காத்திருக்காமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போக வேண்டும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 2013-இல் அந்நோய் இல்லாத நாடென்று பெயரெடுத்த மலேசியாவில், 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மறுபடி தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் மனித உயிர்களையும் பலிகொண்டது. நாய்க்கு ஊராட்சி மன்றத்தின் லைசென்ஸ் எடுப்பதும் அவசியம். ஈப்போ என்றால் மாநகர் மன்றத்தில் எடுக்க வேண்டும்.

பார்வோ கண்டு ஒரு குட்டி இறந்த வீட்டின் மண்ணில் அந்தக் கிருமி பல மாதம் உயிரோடு இருக்கும். சிமெண்டுத் தரையைக் குளோரோக்ஸ் கலந்த நீரால் கழுவலாம். மண்ணை எப்படிக் கழுவுவது? அப்படிப்பட்ட வீட்டுக்குப் புதுக்குட்டி வேண்டாம். தடுப்பூசி எல்லாம் முடிந்த, வளர்ந்த நாய் ஒன்றை விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வளர்ந்த நாயின் அளவும் முடியும் குணமும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அம்மா அதன் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால், தும்மல் வருகிறதா, அது அம்மாவோடு ஒட்டுகிறதா என்பதும் அங்கேயே ஓரளவு தெரிந்துவிடும்.