பிரிசிங்கா

பிரிசிங்கா என்பது ஆழ்கடலில் வாழும் நட்சத்திர மீன்களின் ஒரு பேரினம் ஆகும். இது முட்தோலிகள் தொகுதியில் பிரிசிங்கிடா வரிசையைச் சேர்ந்தது. கரையோரங்களில் காணப்படும் நட்சத்திர மீன்கள் பெரும்பாலும் ஐந்து கரங்களைக் கொண்டு, தரையில் ஊர்ந்து இரை தேடுபவை. பிரிசிங்காவுக்கு ஐந்துக்கும் மேற்பட்ட கரங்கள் உண்டு. இது ஓரிடத்தில் நிலைத்திருந்து நீரோட்டம் கொண்டுவரும் இரையைப் பிடிக்கிறது.

பெயர்க் காரணம்

நார்வே நாட்டு விலங்கியலாளரும் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவருமான பேட்டர் கிறிஸ்டன் ஆஸ்பியோர்ன்சென் 1853 இல் ஹார்டாங்கர் என்னும் கடல் நுழைகழியின் ஆழத்தில் இவ்வுயிரியைக் கண்டெடுத்து, 1856 இல் விவரித்தார். நார்வீசியத் தொன்மத்தில் பிரேயா என்னும் தேவதை அணியும் ஒளிமிக்க அணிகலனின் பெயரே இதற்கு இடப்பட்டது. முதலில் விவரிக்கப்பட்ட இனத்தின் சிறப்புப் பெயர் "பதினொரு கால்கள்" எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது.

உடலமைப்பு

உடலின் நடுவே சிறிய வட்டத் தட்டு உள்ளது. மெல்லிய கரங்கள் அதைப் போலப் பல மடங்கு நீளமானவை. தட்டுடன் சேருமிடத்தில் குறுகியும் அதையடுத்துச் சற்றுப் பருத்தும் இருக்கும். இனப்பெருக்க உறுப்புகள் இப்பருத்த பகுதியில் அமைந்துள்ளன. கரங்களின் பக்கவாட்டில் நீண்ட முட்கள் உண்டு. இம்முட்களை மூடிய தோலுறையில் நுண்ணிய இடுக்கிகள் நெருக்கமாகப் பொதிந்துள்ளன.

உணவு முறை

பிரிசிங்கிடா வரிசை உயிரிகள் கரங்களை மேல்நோக்கி வளைத்து, கூடைபோல விரித்து நிற்கும். நீரில் மிதந்து வரும் சிறு ஓட்டுடலிகள் முட்களில் படும்போது இடுக்கிகள் அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. பின்னர் இரை வாய்க்குக் கொண்டுசெல்லப்படுகிறது. இவ்வரிசையின் மற்றோர் உயிரியான நோவோடினியா அண்டிலென்சிசு இவ்வாறு உண்பதை விளக்கும் ஆய்வு 1994 இல் வெளியானது.

இந்தியக் கடல்களில்

இன்வெஸ்டிகேட்டர் என்னும் இந்திய அரசின் கடலளவைக் கப்பல் சேகரித்த உயிரிகளை ஆராய்ந்த ஜேம்ஸ் வுட்-மேசன், ஆல்ஃபிரெட் ஆல்காக் ஆகியோர் 1891 இல் பிரிசிங்கா பெங்காலென்சிசு, பிரிசிங்கா அந்தமானிக்கா ஆகிய இனங்களுக்குப் பெயரிட்டனர். வுட்-மேசன் கல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ஆல்காக் அக்கப்பலின் மருத்துவரும் இயற்கையியலாளரும் ஆவார்.

ஆய்விலுள்ள இடர்ப்பாடு

பிரிசிங்காவின் கரங்கள் தொந்தரவு நேர்ந்தால் அடிப்பகுதியில் எளிதில் கழன்றுவிடும். இழந்த கரங்கள் மீண்டும் வளரக்கூடியவை. ஆழ்கடல் இழுவலையில் சிக்கும்போது தட்டும் கரங்களும் பெரும்பாலும் தனித்தனியாகவே மேலே வருகின்றன. இதனால் ஒரே உயிரியின் பகுதிகளை ஒன்றுசேர்த்து இனங்காண்பது கடினம். உயிருள்ள நிலையில் இவற்றின் தோற்றத்தையும் பழக்கங்களையும் அறிய, நீர்மூழ்கு கலங்களிலிருந்து எடுக்கப்படும் படங்களே பெரிதும் உதவுகின்றன.