பன்னிரண்டு மாடுகளும் ஒரு முள்வேலியும்

மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு வருகிறவர்கள், முதல் சில ஆட்டங்களை ஒரே மாதிரிதான் ஆடுவார்கள். இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர். நடுவில் சந்தித்து, பகடையை உருட்டி, கடைசியில் யாருடைய பொம்மை அதிகம் நிற்கிறதோ அவர் ஜெயித்தார். சீக்கிரமே அலுத்துவிடும். உடனே வேறு விதிப் புத்தகம் தேடத் தொடங்குவார்கள். எந்தப் புத்தகம் வாங்கினாலும் அலுப்பு போகாது. ஏனென்றால் இந்த நாற்பது பேரும் எதற்காக அங்கே வந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அதை எழுதி வைப்பதற்குப் பெயர்தான் சினாரியோ. எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்ன வேண்டும், எத்தனை சுற்றுக்குள் வேண்டும், யாருக்கு என்ன தெரியாது, இவ்வளவுதான். வீட்டு விதி என்பது வேறு. கேரம் போர்டில் சிவப்புக் காய்க்கு ஃபாலோ போட வேண்டுமா வேண்டாமா என்று தெருவுக்குத் தெரு ஒரு சட்டம் இருக்கிறதில்லையா, அதுதான். அச்சிட்ட விதிகள் பொதுவாக எழுதப்பட்டவை. அவற்றுக்கு நம் ஊர் முள்ளும் தெரியாது, மழையும் தெரியாது. அந்த இடைவெளியை நாம் அடைத்துக்கொள்கிறோம்.

டீ ஆறுவதற்குள் அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிறு மோதல் ஆட்டத்தில் ஒரு பொம்மை ஒரு ஆள். 1/72 அளவு பிளாஸ்டிக் பொம்மை என்றால் ஆள் ஓர் அங்குல உயரம் வருவார். ஆறடி மேசை அந்த அளவில் சுமார் 130 மீட்டர் நிலம். பதினெட்டாம் நூற்றாண்டுத் துப்பாக்கி குறிபார்த்து அடிக்க உதவும் தூரமே நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதை அப்படியே அளந்து வைத்தால் மேசையின் ஒரு மூலையிலிருந்து ஏறக்குறைய மறு மூலை வரை சுடலாம். நடந்து போக எவருக்கும் அவசியமே இருக்காது. அதனால்தான் பெரும்பாலான விதிகள் துப்பாக்கி எட்டும் தூரத்தைச் சுருக்குகின்றன. எச். ஜி. வெல்ஸ் 1913இல் இந்த விளையாட்டுக்கு விதிப் புத்தகம் போட்டபோது பகடையே கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களை நிஜமாகவே அடித்து விழுத்தினார். அந்தச் சுகம் தனிதான்.

பிள்ளைகள் வாட்டர்லூ ஆட வேண்டும் என்பார்கள். ஆடட்டும். ஆனால் புதுச்சேரி நெல்லித்தோப்பில் உட்கார்ந்துகொண்டு வாட்டர்லூவை மட்டும் ஆடுவது எனக்குச் சற்று வெட்கமாக இருக்கிறது. 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்காவென், 1760இல் கூட், 1778இல் மன்றோ, 1793இல் மறுபடி ஆங்கிலேயர் என்று, பிரெஞ்சு ஊராக இருந்தபோது ஆங்கிலேயரிடம் மட்டும் நான்கு முறை முற்றுகை கண்ட ஊர் இது. கோட்டைச் சுவர் இருந்த இடத்தில்தான் இன்று புல்வார் சாலை ஓடுகிறது. அதற்கு வெளியே, மேற்கே, இன்னொரு அரண் இருந்தது: எல்லை வேலி. அக்கால ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் அதை விவரித்திருக்கிறார். கற்றாழையும் முட்செடிகளும் அடர்ந்து, நடுநடுவே தென்னையும் பனையுமாக, வடக்கே கடற்கரையில் தொடங்கி அரைவட்டமாக வளைந்து தெற்கே அரியாங்குப்பம் ஆற்றில் போய் முடிந்தது. நீளம் ஐந்தரை மைல். குதிரை நுழையவே முடியாது; காலாள் நுழைவதும் பெரும்பாடு. ஊருக்கு வரும் சாலைகள் வேலியைக் கடக்கும் இடத்தில் மட்டும் வழி, அந்த வழிக்கு ஒரு சிறு காவல் அரண், அதில் பீரங்கி.

சினாரியோ எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நிலமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வேலிக்கான வீட்டு விதி இரண்டே வரி: குதிரைக்கு வழியில்லை, காலாள் கடக்க இரண்டு முழுச் சுற்று ஆகும், அந்த நேரத்தில் சுட முடியாது. இதற்கு மேல் கற்றாழை முள் குத்தினால் என்ன ஆகும் என்றெல்லாம் அட்டவணை போடாதீர்கள். ஒரு வீட்டு விதி ஆடுகிறவருடைய முடிவை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், எவ்வளவு உண்மையான விவரமாக இருந்தாலும், கிழித்துப் போட்டுவிடுவேன். வேலியைத் தேங்காய் நாரில் செய்யலாம். பனைக்கு ஈர்க்குச்சி. சுட்ட மண்ணில் ஒரு காவல் அரண் வேண்டுமானால் வில்லியனூர் சுடுமண் கைவினைக்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

இனி நேரம். 1760 செப்டம்பர் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயர் முகாம்மீது இரவில் பாய்ந்தார். படையைப் பல அணிகளாகப் பிரித்து, எல்லாம் ஒரே வேளையில் போய் விழ வேண்டும் என்பது திட்டம். ஓர் அணி நேரத்துக்கு வந்து சேரவில்லை. அதோடு திட்டமும் கவிழ்ந்தது. சில நாளில் ஆங்கிலேயர் வேலியைப் பிடிக்கப் போனார்கள். அதில், அப்போது ஆங்கிலேயத் தளபதியாக இருந்த மான்சனுக்குக் காலில் பலத்த அடி. பொறுப்பு மறுபடி கூட்டின் கைக்கு வந்தது.

இந்த வராமல் போன அணியை மேசைக்கு எப்படிக் கொண்டுவருவது? வழக்கமான விதி: நான்காம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றும் ஒரு பகடை, 5 அல்லது 6 விழுந்தால் அணி வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று தடவை உருட்டியும் வராமலிருக்க நூற்றுக்கு முப்பது வாய்ப்பு. அது பரவாயில்லை. ஆனால் ஆறு தடவை உருட்டியும் வராமலிருக்க நூற்றுக்கு ஒன்பது வாய்ப்பு இருக்கிறது. ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்கத் தன் பொம்மைகளைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வைப்பது ஏறுமுகக் கணக்கு. நான்காம் சுற்றில் 6 விழ வேண்டும். ஐந்தாம் சுற்றில் 5 அல்லது அதற்கு மேல். ஆறாம் சுற்றில் 4 அல்லது அதற்கு மேல். ஏழில் 3 அல்லது அதற்கு மேல். மூன்று உருட்டலுக்குப் பின்னும் வராமலிருக்க நூற்றுக்கு இருபத்தெட்டு வாய்ப்பு, முந்தைய விதிக்குக் கிட்டத்தட்ட சமம். நான்காவதோடு அது ஒன்பதாக இறங்கிவிடும். லாலியின் பதற்றம் அப்படியே இருக்கும், ஆனால் ஆளைப் பட்டினி போடாது. வந்த அணி எங்கே வந்தது என்பதற்கு இன்னொரு பகடை: 1 விழுந்தால் இருட்டில் வழி தப்பி எதிரே இருக்கும் ஓரத்தில்.

ஆனாலும் லாலியின் இரவுத் தாக்குதல் சிறு மேசைக்குப் பெரிது. எனக்குப் பிடித்தது அதற்குச் சில வாரம் முந்திய நிலவரம். ஹைதர் அலியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மக்தூம் அலி தலைமையில் வந்த மைசூர்ப் படையின் உதவியோடு மாடுகளையும் தானியத்தையும் ஊருக்குள் கொண்டுவர லாலி பார்த்தார். ஜூலையில் திருவதிகைப் பக்கம் மைசூர்க் குதிரைப்படை ஓர் ஆங்கிலப் பிரிவைத் தோற்கடித்தது. அதே மாதம் வில்லியனூர்க் கோட்டை கூட்டின் கையில் விழுந்தது. அதாவது மாடு வர வேண்டிய சாலையின் மேல் ஆங்கிலேயர், வேலியின் வழியில் பிரெஞ்சுக்காரர்.

அந்த வாரங்களில் ஓர் இரவு. பன்னிரண்டு மாடுகள், இரண்டு ஓட்டிகள், கொஞ்சம் மைசூர்க் குதிரை, வேலியோரம் காத்திருக்கும் பிரெஞ்சுச் சிப்பாய்கள். எதிரே ஆங்கிலேயரின் ரோந்துப் பிரிவு. இந்தக் குறிப்பிட்ட இரவு எந்தப் புத்தகத்திலும் கிடையாது, நான் கட்டியது. சூழல் பதிவில் உள்ளது. சினாரியோ தாளில் இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவிட வேண்டும் என்பதில் நான் கறார். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து யாராவது இதை வரலாறு என்று எழுதிவிடுவார்கள்.

வேலிக்குள் போன ஒவ்வொரு மாடும் பிரெஞ்சுக்கு ஒரு புள்ளி. மேற்கு ஓரத்தைத் தாண்டி ஓட்டிப்போன ஒவ்வொரு மாடும் ஆங்கிலேயருக்கு ஒரு புள்ளி. அவர்களுக்கும் பசிக்கும், வண்டி இழுக்கவும் மாடு வேண்டும். செத்த மாடு, காட்டுக்குள் ஓடிய மாடு யாருக்கும் இல்லை. ஆளைக் கொன்றால் புள்ளியே கிடையாது. ஆனால் பாதிக்கு மேல் ஆளை இழந்த பக்கம் பின்வாங்க வேண்டும், அதனால் கண்மூடித்தனமாக ஆட்களை வாரி இறைக்கவும் முடியாது. மாட்டை ஓட்ட 4 அங்குலத்துக்குள் ஓர் ஆள் இருந்தால் போதும். பன்னிரண்டு அங்குலத்துக்குள் துப்பாக்கி வெடித்தால் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பகடை. 1, 2 விழுந்தால் சத்தத்துக்கு எதிர்த்திசையில் 6 அங்குலம் ஓடும்.

இந்தக் கடைசி வரியில்தான் ஆட்டமே இருக்கிறது. இரண்டு பக்கமும் கையில் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், சுட்டால் தங்களுக்கே நஷ்டம். சுடாமல் நெருங்கி, பயனெட்டைக் காட்டி விரட்டப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன் கொஞ்ச நேரம் மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, மாட்டுக்குப் பின்னால போயி வானத்தப் பாத்துச் சுட்டா?" என்று கேட்டான். விதியில் தடையில்லை. சுட்டான். ஐந்து மாடுகள் அவனுக்கு வேண்டிய பக்கமாகவே ஓடின. எழுதியவனுக்கே தோன்றாத வழியை ஆடுகிறவன் கண்டுபிடித்தால் சினாரியோ தேறிவிட்டது என்று அர்த்தம். அவனை நிறுத்த அன்றே ஒரு புது விதி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

இருட்டை எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். பிரஷ்யாவில் 1824இல் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் நடுவர் ஒருவர் இருப்பார். யார் எதைப் பார்த்தார்கள் என்று அவர்தான் சொல்வார். நமக்கு மூன்றாவது ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் சீட்டு. ஒவ்வொரு பக்கமும் தன் ஆட்களுக்குப் பதில் எட்டுச் சீட்டுகளைக் கவிழ்த்து நகர்த்தும். அவற்றில் நான்கு வெற்று. பத்து அங்குலத்துக்குள் எதிரி வந்தால்தான் திருப்பிக் காட்ட வேண்டும். நான் இதற்கு வதந்திச் சீட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். 1736 முதல் 1761 வரை நீளும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினால் ஏன் என்று புரியும். எந்தக் கப்பல் வந்தது, எந்தப் படை எங்கே இறங்கியது என்று வந்து சேர்ந்த பேச்சையெல்லாம் அவர் குறித்து வைக்கிறார். அதில் பலதும் பிறகு பொய்யாகிறது. சண்டை விவரத்துக்கு ஆங்கிலேயர் நூல்களைப் படியுங்கள். ஒருவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரியாது என்று அறிய பிள்ளையைப் படியுங்கள்.

அதே 1760 முற்றுகையில் மேசைக்குக் கொண்டுவரக் கூடாத ஒன்றும் இருக்கிறது. நவம்பர் கடைசியில், தானியம் தீர்ந்துவந்தபோது, லாலி உள்ளூர் மக்கள் சுமார் 1,400 பேரை நகரைவிட்டு வெளியேற்றினார். ஆங்கிலேயர் அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. சுவருக்கும் முற்றுகைக்கும் நடுவே, அதாவது இன்று நாம் டீ குடிக்கும் இந்த மாதிரி நிலத்தில், கிழங்கும் புல்லும் தேடிக்கொண்டு ஒரு வாரம்போல் அலைந்தார்கள். பிறகுதான் கூட் வழிவிட்டார். இதையும் சினாரியோ ஆக்கலாமே, இத்தனை பேரைக் காப்பாற்றினால் இத்தனை புள்ளி என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்களுக்கு அங்கே ஒரு முடிவும் எடுக்கும் வாய்ப்பில்லை. இரண்டு தளபதிகளுக்கு நடுவில் தள்ளப்பட்டவர்களைப் புள்ளியாக எண்ணுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் மறைக்கவும் மாட்டேன். மாட்டு மந்தை சினாரியோவின் தாளில், மாடுகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்ற இடத்தில், இந்தச் சேதியை நான்கு வரியில் எழுதியிருக்கிறேன். ஆட்டம் தொடங்கும் முன் யாராவது உரக்கப் படிக்க வேண்டும்.

மழை விதி சுலபம். 1748இல் பாஸ்காவெனை விரட்டியதில் அக்டோபர் மழைக்கும் நோய்க்கும் பெரிய பங்கு உண்டு. மழைச் சுற்றில் ஓர் அணி சுட நினைத்தால் முதலில் ஒரு பகடை. 1, 2, 3 விழுந்தால் மருந்து நனைந்துவிட்டது, துடைத்து மறுபடி போட ஒரு சுற்று போய்விடும். ஜூலை மாட்டு மந்தைக்கு இது வேண்டாம்.

எழுதி முடித்த சினாரியோவைப் பக்கம் மாற்றி ஆடிப் பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்தில் ஜெயித்தவர் மறு ஆட்டத்தில் அடுத்த பக்கத்தை எடுக்க வேண்டும். அப்போதுதான் ஜெயித்தது ஆளா, தாளா என்று தெரியும். மாட்டு மந்தையில் விவரமான ஆங்கிலேய ஆட்டக்காரர் உடனே பிடித்துவிடுகிற ஓட்டை ஒன்று உண்டு: வேலியில் ஒரே வழிதானே, அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். இருட்டில் காவல் அரணின் பீரங்கிக்கும் அவர் தெரியமாட்டார். எட்டுச் சுற்றும் அசையாமல் இருப்பார்.

இதற்கு மருந்து நிலத்திலேயே இருந்தது. மேற்கே வில்லியனூர்ச் சாலை ஒரு வழி, வடமேற்கே வழுதாவூர்ச் சாலை இன்னொரு வழி. மேசைக்காக இரண்டையும் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டேன், அதையும் தாளில் குறித்திருக்கிறேன். எந்த வழி என்று பிரெஞ்சு ஆட்டக்காரர் முதலிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டீ கிளாசுக்கு அடியில் வைக்க வேண்டும். எட்டாம் சுற்றில் விடிகிறது. விடிந்தால் இரண்டு அரண்களின் பீரங்கிக்கும் கண் தெரியும், வழியை மறித்து நிற்கிறவர்கள் நிற்க முடியாது. இப்போது ஆங்கிலேயர் தன் ஆட்களைப் பிரித்தே ஆக வேண்டும். எந்த விகிதத்தில் என்பதுதான் அவருடைய தலைவலி. போன ஆட்டத்தில் பிரெஞ்சுப் பக்கம் ஆடியவர் வெற்றுச் சீட்டுகள் நான்கையும் வழுதாவூர் வழிக்கு ஓட்டினார். ஆங்கிலேயர் நம்பவில்லை. வில்லியனூர் வழியில் மாட்டோடு காத்திருந்தார். மாடு வழுதாவூர் வழியாகத்தான் போனது.