ராஜா பெயருக்குள் ஓர் உழவன்

பிரிட்டனை ஆண்ட ஜார்ஜ் மன்னர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் வைத்தது உழவன் பெயர். கிரேக்கத்தில் ‘கே’ என்றால் நிலம், ‘எர்கோன்’ என்றால் வேலை. ‘கெயோர்கோஸ்’ மண்ணில் பாடுபடுகிறவன்.

அதே பெயர் ஸ்பெயினில் ஹோர்ஹே, கேட்டலோனியாவில் ஜோர்தி, ஜெர்மனியில் யூர்கன், ஸ்வீடனில் யோரன், செக் நாட்டில் யிர்ஷி, ரஷ்யாவில் யூரி. காதால் கேட்டால் உறவே தெரியாது. பெயரைப் பரப்பியவர் புனித ஜார்ஜ். ரோமானியப் படைவீரராகவும் டிராகனைக் கொன்றவராகவும் கதைகளில் வருபவர். சென்னைக் கோட்டைக்கும் அவர் பெயர்தான். ஏர் பிடிக்கிறவன் பெயர் குதிரையேறி ஈட்டி பிடித்தது அவரால்தான்.

மூன்றாம் ஜார்ஜுக்கு விவசாயத்தில் தீராத ஆசை. ரால்ஃப் ராபின்சன் என்ற புனைபெயரில் வேளாண் இதழுக்கு எழுதியவர். ‘உழவர் ஜார்ஜ்’ என்று நையாண்டி செய்தார்கள். பெயரின் பொருளைச் சொன்னதே கிண்டலாகிவிட்டது, பாருங்கள்!

ரஷ்யாவில் நடந்தது கிண்டல் அல்ல, கொடுமை. 1497 சட்டப்படி குடியானவன் ஒரு பண்ணையாரை விட்டு இன்னொருவரிடம் போக வருடத்தில் இரண்டே வாரம்: நவம்பர் 26, யூரி திருநாளுக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம். அறுவடை முடிந்து, கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டால் கிளம்பலாம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதையும் நிறுத்திவைத்தார்கள். 1649 சட்டம் அவனை மண்ணோடு நிரந்தரமாகக் கட்டிப்போட்டது. நம்பியது கைவிட்டுப்போனால் “இதோ பாட்டி, உன் யூரி நாள்!” என்று ரஷ்யர்கள் இன்றும் சொல்வார்கள். உழவன் பெயர் கொண்ட நாளிலேயே உழவன் ஏமாந்தான். பெயருக்குக் கொஞ்சமாவது நியாயம் செய்தவர் விண்வெளி வீரர் யூரி ககாரின். கூட்டுப்பண்ணையில் உழைத்தவர்களின் பிள்ளை.

அகராதியைப் பார்த்தா பெயர் வைக்கிறார்கள், எல்லாம் புனிதர் மீதுள்ள பக்திதானே என்பார்கள் சிலர். இருக்கட்டும். என் கவலை பெயரைப் பற்றியதல்ல, பெயருக்கு உரியவனைப் பற்றியது. இங்கிலாந்தில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கும் பெயர்களில் ஜார்ஜ் இன்றும் முன்வரிசையில். 2024 தொடக்கத்தில் பாரிஸ் நெடுஞ்சாலைகளிலும் பிரஸ்ஸல்ஸ் வீதிகளிலும் உழவர்களோ டிராக்டர்களை நிறுத்திக் கத்த வேண்டியிருந்தது. 2005-க்கும் 2020-க்கும் இடையே ஐரோப்பிய ஒன்றியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பண்ணைகள் காணாமல் போயின. மிஞ்சியவை சுமார் 91 லட்சம். அழிந்தவற்றில் பெரும்பாலானவை சின்னப் பண்ணைகள்.