மின்படிப்பானின் மறுவாழ்வு

நுழையும்முன்

ஓலைச்சுவடியில் ஏடு சிதையும். எழுத்தை வேறோர் ஏட்டில் படியெடுத்துக் காப்பர். மின்படிப்பானிலோ கருவி நலமாக இருக்கும்போதே அதனை இயக்கும் மென்பொருள் மூப்படைந்துவிடுகிறது. அம்மூப்பை நீக்கும் வழியொன்றை இப்பாடம் விளக்குகிறது.

திரையும் நிலைபொருளும்

மின்மைத் திரை கொண்ட லிப்ரியே என்னும் படிப்பானைச் சோனி நிறுவனம் 2004 ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியிட்டது. அமேசானின் கிண்டில் 2007 இல் வந்தது. இவற்றின் திரையிலுள்ள நுண்குமிழ்களுக்குள் கரிய துகள்களும் வெண்துகள்களும் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒருவகைத் துகள்கள் மேலெழ, எழுத்து தோன்றுகிறது. தோன்றிய எழுத்து மின்சாரமின்றியும் நிலைத்து நிற்கும். பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. நன்கு பேணினால் இக்கருவி பல்லாண்டுகள் உழைக்கும்.

வன்பொருளை இயக்குவதற்காக அதன் நினைவகத்தில் பதிக்கப்பட்ட மென்பொருளே நிலைபொருள். நிறுவனம் அதனைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், புதிய கோப்பு வடிவங்களைக் கருவி அறியாது. பாதுகாப்பு நெறிமுறைகள் பழையனவாகிவிடுவதால் இணையத்தோடு தொடர்புகொள்ளவும் தடுமாறும். இவ்வாறு, திரை தெளிவாக இருக்கும்போதே கருவி குப்பைக்குச் செல்கிறது.

மாற்று மென்பொருள்

இந்நிலையை மாற்றுவனவற்றுள் ஒன்று, தன்னார்வலர்கள் உருவாக்கிய கோரீடர் என்னும் கட்டற்ற மென்பொருள். இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். கிண்டில், கோபோ, பாக்கெட்புக் முதலிய படிப்பான்கள் பலவற்றில் இது இயங்குகிறது. பழைய நிலைபொருளை அழிக்காமல், வாசிப்புப் பணியை மட்டும் ஏற்கிறது. சிறுதிரையில் படிக்க இயலாத பிடிஎஃப் பக்கத்தின் வரிகளைத் திரையின் அகலத்திற்கேற்ப மடித்துக் காட்டுகிறது.

தமிழுக்கும் இதனால் பயன் உண்டு. ‘கெ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் சேமிக்கும்போது ககரம் முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னும் நிற்கும். திரையிலோ கொம்பு முன்னே வரவேண்டும். இவ்விடமாற்றத்தைச் செய்யும் நிரல் இல்லாத கருவியில் தமிழ்ச்சொல் உருக்குலையும். கோரீடரில் இப்பணியை ஹார்ஃப்பஸ் என்னும் நிரல்தொகுப்பு செய்கிறது. விரும்பிய தமிழ் எழுத்துருவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விழிப்பு தேவை

கோபோவில் கோப்புகளை நகலெடுத்தே கோரீடரை நிறுவலாம். கிண்டிலில் நிறுவனம் இட்ட பூட்டை முதலில் திறக்கவேண்டும். பொருந்தாத கோப்பை நிறுவினாலோ, பணியின் இடையே மின்கலம் தீர்ந்தாலோ கருவி இயங்காமற்போகலாம். நிறுவனத்தின் உத்தரவாதமும் விலகலாம். எனவே, மாதிரி எண்ணையும் நிலைபொருள் பதிப்பையும் சரிபார்த்து, நூல்களை வேறிடத்தில் நகலெடுத்து வைத்து, முழு மின்னேற்றம் செய்தபின்னரே தொடங்குதல் வேண்டும். எண்ணிமப் பூட்டு இடப்பட்ட வணிக நூல்களைக் கோரீடர் திறக்காது. அவற்றைப் படிக்கப் பழைய நிலைபொருளுக்கே திரும்பவேண்டும்.

விலைகொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை முடிவுசெய்பவர் விற்றவரா, வாங்கியவரா என்பதே இங்கு எழும் வினா. நிரலைப் படிக்கவும் திருத்தவும் வழியிருந்தால், அம்முடிவு வாங்கியவர் கைக்கு வருகிறது. குப்பையாக வேண்டிய கருவி, மீண்டும் ஒரு வாசகரின் நூலகமாகிறது.