அளவெடுத்துத் தைத்த மோட்டார் சைக்கிள்

ரவிக்கைத் துணி வாங்கி வந்தால் அதை அப்படியே சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறோமா? தையற்காரரிடம் ஓடுகிறோம். அளவு ரவிக்கை கொடுக்கிறோம். கழுத்து அரை அங்குலம் இறங்கிவிட்டால் கடை வாசலிலேயே நின்று சண்டை பிடிக்கிறோம். இத்தனை கறாரான பெண்மணிகள், மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும்போது மட்டும், "கம்பெனிக்காரன் தெரியாமலா செய்திருப்பான்?" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வண்டி பொருந்தாவிட்டால், 'நாம்தான் குள்ளம்' என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள்!

பெண்கள் மோட்டார் சைக்கிளா வாங்குகிறார்கள் என்று மூக்கில் விரலை வைக்கும் பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை: வாங்குகிறார்கள். அதுவும் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கி வரும் ஸ்கூட்டரை மட்டுமல்ல. 'அட்வென்ச்சர்' மோட்டார் சைக்கிள் என்று ஒரு ரகம் இருக்கிறது. தார் ரோட்டிலும் ஓடும்; ரோடே இல்லாத கல்லிலும் மணலிலும் ஓடும். அதற்காக முன் சக்கரம் பெரிதாக இருக்கும். ஸ்பிரிங்குகள் நீளமாக இருக்கும். வண்டியின் வயிறு தரையிலிருந்து எட்டத் தூக்கி நிற்கும். ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 1980-ல் வெளியிட்ட ஒரு வண்டிதான் இந்த ரகத்துக்கு வழிகாட்டி என்பார்கள். நம் ஊர்ப் பிரதிநிதி ராயல் என்ஃபீல்ட் 'ஹிமாலயன்'. பெயர்தான் இமயமலை, பிறப்பது சென்னைக்குப் பக்கத்தில். 2016-ல் முதலில் வந்தது. 2023 நவம்பரில் அதன் புதிய வார்ப்பு வந்தது: 452 ஸி.ஸி. என்ஜின், 17 லிட்டர் டாங்க், எடை 196 கிலோ. ஸீட்டின் உயரம் 825 மில்லிமீட்டர். நம் தையல் கணக்கில் 32½ அங்குலம்.

இந்த 32½ அங்குலத்தில்தான் கதையே இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் மோட்டார் சைக்கிளில் பெண்ணை நினைத்துப் பார்க்காமல் இல்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதியைப் பாருங்கள். பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும். கால் வைக்க ஒரு படி வேண்டும். அவருடைய துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்க ஒரு தடுப்பு வேண்டும் என்கிறது. இந்தத் தடுப்பைத்தான் கடைக்காரர்கள் 'ஸாரி கார்டு' என்கிறார்கள். நல்ல விதி. எத்தனையோ புடவைகளையும், புடவைக்குள் இருந்த உயிர்களையும் காப்பாற்றியிருக்கும். ஆனால் விதி எழுதியவரின் மனக்கண்ணில் அந்த அம்மாள் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள்! முன்னால் வந்து உட்கார்ந்துவிட்ட அம்மாளுக்கு வேண்டியவை வேறு. அவற்றை அவளேதான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் சிநேகிதி ஒருத்தி தேடிக்கொண்டாள். பாங்கில் வேலை. உயரம் 5 அடி 2 அங்குலம்; எடை 54 கிலோ. ஸ்பிடியில் பனி பார்க்க வேண்டும் என்ற ஆசையில் மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஹிமாலயன் வாங்கினாள். முதல் வாரத்தில் மூன்று தடவை வண்டியைக் கீழே போட்டாள். மூன்றும் ஓடும்போது அல்ல, நிற்கும்போது! சிக்னலில் காலை ஊன்றுவாள்; ரோட்டின் அந்த ஓரம் இரண்டு அங்குலம் சரிவாக இருக்கும்; கால் நுனி தரையைத் தேடும்; அதற்குள் 196 கிலோவும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சாயத் தொடங்கிவிட்ட அந்தப் பாரத்தை எந்தப் பயில்வானாலும் தாங்க முடியாது.

மூன்றாவது தடவை முழங்காலில் வீக்கத்தோடு வந்தபோது வீட்டில் மந்திராலோசனை நடந்தது. "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்? அண்ணாகிட்டே கொடுத்துடு. நீ வழக்கம் போல ஸ்கூட்டரிலே போ" என்றாள் தாயார். அண்ணா ஆறடி. அவன் மறுப்புச் சொல்லவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

"ஒரு மாசம் பொறுத்துக்கோங்கம்மா" என்றாள் என் சிநேகிதி.

அந்த ஒரு மாதத்தில் அவள் செய்தவைதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் ஸாமான் கடைக்குப் போனாள். அங்கே விளக்கு காட்டினார்கள். அலுமினியப் பெட்டி காட்டினார்கள். என்ஜினைச் சுற்றிலும் மாட்டுகிற தடித்த குழாய்க் கம்பி காட்டினார்கள். எல்லாம் பளபளவென்று இருந்தன. எல்லாவற்றையும் மாட்டினால் வண்டியின் எடை இன்னும் முப்பது கிலோ கூடியிருக்கும். நின்ற இடத்தில் விழுகிற வண்டி இன்னும் பலமாக விழுந்திருக்கும். புது வண்டிக்காரர்கள் பணத்தைக் கொட்டுவது இங்கேதான். உடம்பு வண்டியைத் தொடுகிற இடங்கள் மூன்று: ஆசனம், கை, கால். அந்த மூன்றும் சரியாகும்வரை பெட்டியும் விளக்கும் காத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆசனத்துக்காகப் புதுப்பேட்டைப் பக்கம் ஸீட் தைக்கிற ஒரு பெரியவரிடம் போனோம். நானும் கூடப் போனேன். உயரத்தைக் குறைக்க வேண்டும் என்று நாங்கள் ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஏறி உட்காரும்மா. எந்தக் கால் முதல்லே இறங்குது?" என்று கேட்டார்.

"இடது கால், பாய்."

அவர் குனிந்து அவள் தொடை ஸீட்டின் ஓரத்தில் எங்கே அழுந்துகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். "உயரம் பாதி, அகலம் பாதிம்மா" என்றார். எவ்வளவு உண்மை! ஸீட் அகலமாக இருந்தால் கால் நேரே இறங்காது. வில்லாக வளைந்து சுற்றிக்கொண்டு இறங்கும். அந்தச் சுற்றில் ஓர் அங்குலம் போய்விடும். முன் பகுதியில் இரண்டு ஓரங்களையும் செதுக்கினால், உயரத்தைத் தொடாமலே கால் நீண்டுவிடுகிறது. உட்காரும் இடத்தில் பஞ்சை அதிகமாக வெட்டக் கூடாது. வெட்டினால் கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சொகுசாக இருக்கும். நூறு மைல் போன பிறகு அடித் தகட்டின் மேல் உட்கார்ந்திருப்பது தெரியும். கொஞ்சம் எடுத்தால், எடுத்த இடத்தில் அதைவிட அழுத்தமான ஃபோம் வைத்துத் தைக்க வேண்டும். வெட்டுவதற்கே மனம் வராதவர்களுக்கு, இந்த வண்டிக்குக் கம்பெனியாரே தாழ்ந்த ஸீட் ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். அதைப் போட்டால் உயரம் 805 மில்லிமீட்டர் ஆகும்.

அடுத்தது ஸ்பிரிங். இது எனக்கே புதிய செய்தி. ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் அமுங்க வேண்டும். ஸ்பிரிங் மொத்தம் எவ்வளவு தூரம் இறங்கி ஏறக்கூடுமோ, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்குவது சரியான கணக்கு. ஹிமாலயனில் அந்தத் தூரம் 200 மில்லிமீட்டர். ஆகவே சுமார் 60, 65 மில்லிமீட்டர் அமுங்கலாம். 54 கிலோப் பெண் உட்கார்ந்தால் அவ்வளவு அமுங்குமா? தொழிற்சாலையில் முறுக்கி வைத்த ஸ்பிரிங் அவளை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. வண்டி நிமிர்ந்தே நிற்கிறது. ஸீட்டும் உயரத்திலேயே நிற்கிறது.

இதை அளக்க இஞ்சு டேப் போதும். ஆனால் ஆட்கள் வேண்டும். இரண்டு பேர் வண்டியின் பின் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் சக்கரத்தின் நடு அச்சிலிருந்து நேர் மேலே ஸீட்டின் கீழ் ஓர் இடம் வரை அளக்க வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, ஓட்டுகிறவர் பிரயாண உடை, ஹெல்மெட் சகிதம் ஏறி உட்கார, மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமுங்கிய அளவு. என் சிநேகிதிக்கு அமுங்கியது மிகக் குறைவு. பின் ஸ்பிரிங்கின் மேல் ஒரு வளையம் இருக்கிறது; அதற்கென்று உள்ள கொக்கி ஸ்பானரால் அதைத் தளர்த்தினால் முறுக்கு விடும். தளர்த்தினாள். செலவு காலணா இல்லை. ஸீட் ஒரு விரற்கடை இறங்கியது. மேடு பள்ளத்தில் தூக்கிப் போடுவதும் நின்றது. ஒரு ஜாக்கிரதை: மூட்டை ஏற்றும்போதும் பின்னால் ஆள் ஏறும்போதும் மறுபடி முறுக்க வேண்டும்.

ஸ்பிரிங்கின் அடியில் ஓர் இணைப்புத் துண்டை மாற்றி, ஒரே மூச்சில் வண்டியை இரண்டு அங்குலம் தாழ்த்தித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பின்புறம் மட்டும் தாழ்ந்தால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். திருப்பங்களில் வண்டி மந்தமாகும். கல்லில் வயிறு இடிக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பக்கவாட்டு ஸ்டாண்டின் நீளம் அப்படியே இருப்பதால், தாழ்ந்த வண்டி நிறுத்தும்போது நெட்டுக்குத்தாக நின்று, லேசாகக் காற்றடித்தால் மறுபக்கம் சாய்ந்து விழும். விழாமலிருக்கச் செய்த சிகிச்சையே விழ வைக்கும்!

கை, கால் விஷயம் இன்னும் சுலபம். ஹாண்டில் பாரைப் பிடித்த நிலையில் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக இருக்கும்படி கிளட்ச், பிரேக் பிடிகளின் சாய்வைத் திருப்பி வைக்க வேண்டும். மணிக்கட்டு மடங்கியிருந்தால் திண்டிவனம் தாண்டுவதற்குள் வலி எடுத்துவிடும். கல் ரோட்டில் படியில் எழுந்து நின்று ஓட்ட வேண்டியிருக்கும் என்பதால், நின்ற நிலையிலும் கை எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கியர் பெடலையும் பிரேக் பெடலையும் நீங்கள் போடப்போகிற பூட்ஸுக்குத் தக்கபடி ஏற்றி இறக்கலாம். பூட்ஸின் அடிப்பாகம் தடிமனாக இருந்தால் அதுவும் அரை அங்குல லாபம்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் அவளுடைய இரண்டு பாதங்களும் தரையில் சம்மணமாகப் பதியவில்லை. பதிய வேண்டிய அவசியமும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. நிற்கும்போது இடுப்பை ஸீட்டில் ஒரு பக்கமாக நகர்த்தி, இடது பாதம் ஒன்றை மட்டும் நன்றாக ஊன்றி, வலது காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் போதும். காலியாகக் கிடந்த மைதானத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை இதே வேலையாக இருந்தாள். விழுந்த வண்டியைத் தூக்கவும் பழகினாள். வண்டிக்கு முதுகைக் காட்டி, ஸீட்டின் ஓரத்தில் இடுப்பைக் கொடுத்து, ஹாண்டில் பாரையும் பின் கம்பியையும் பிடித்துக்கொண்டு, கால்களின் பலத்தால் பின்னோக்கி நடக்க வேண்டும். குனிந்து கையால் இழுத்தால் முதுகு போய்விடும்.

பெட்டி, விளக்கு வகையறாக்களின் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. என்ஜினுக்கு அடியில் ஒரு கனத்த தகடும், கைப்பிடிகளுக்குக் காப்பும் வாங்கினாள். விழுந்தால் உடைகிற லீவர் காட்டில் கிடைக்காது அல்லவா? பெட்டி விஷயத்தில் அவள் துணிப் பைகளையே தேர்ந்தெடுத்தாள். கரடுமுரடான இடத்தில் காலை ஊன்றி ஊன்றிப் போகும்போது, இரும்புப் பெட்டி பின்னாலிருந்து கணுக்காலில் வந்து இடித்தால் எலும்பு தாங்காது. கனமான சாமான் கீழேயும் முன்பக்கமாகவும். போர்வை போன்றவை மேலே.

பெட்டி என்றதும் எல்ஸ்பெத் பியர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் ஞாபகம் வருகிறது. லண்டனில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தவர். 1982-ல் பழைய பி.எம்.டபிள்யூ. வண்டி ஒன்றில் தன்னந்தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினார். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் தங்கி வேலை பார்த்துப் பணம் சேர்த்தபோது, அலுமினியத் தகட்டை வெட்டி, மடித்து, ஆணியடித்துப் பூட்டுப் போடக்கூடிய பெட்டிகளைத் தம் கையாலேயே செய்துகொண்டார். பிறகு பினாங்கிலிருந்து கப்பலில் நம் மதராஸுக்கும் வந்து இறங்கினார். சுமார் 35,000 மைல் சுற்றி 1984-ல் வீடு திரும்பினார். கடையில் எல்லாம் கிடைக்கிற இந்தக் காலத்தில், தமக்கு என்ன வேண்டும் என்று அவரைப் போல முதலில் யோசிக்கிறவர்கள்தான் குறைவு.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் மோட்டார் வாகனச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தப்படி, அனுமதியின்றி மாற்றுகிற சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஸீட்டைத் தைப்பதற்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்துவதற்கும் யாரும் சிறைக்கு அனுப்பமாட்டார்கள். ஊரை எழுப்புகிற ஸைலன்ஸர் போட்டால் வம்புதான். பை மாட்டுகிற சட்டத்துக்கு இடமில்லை என்று ஸாரி கார்டைக் கழற்றி எறிகிறவர்களும் உண்டு. கழற்றாதீர்கள், பின்னால் உட்காருகிற அம்மாவுக்குப் புடவை இருக்கிறது. ஒயரை வெட்டி விளக்குப் போட்டால் வாரண்டியும் போய்விடலாம். இன்ஷூரன்ஸ்காரரிடம் எதையும் மறைக்காமல் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, என் சிநேகிதி தாயாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் போய் வந்தாள். வண்டி ஒரு தடவைகூடச் சாயவில்லை. அடுத்த வாரம் அண்ணா, "ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு போனவன், கால் மணியில் திரும்பி வந்துவிட்டான். "என்னடி பண்ணி வெச்சிருக்கே? முட்டி இடிக்குது. ஸ்பிரிங் தொபுக்குன்னு உட்காருது. கிளட்சைப் பிடிச்சா கை கோணுது. மனுஷன் ஓட்டுவானா இதை?" என்றான்.

அவள் ஸ்பானரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "உன் எடைக்கு அந்த வளையத்தை நாலு பல் ஏத்திக்கோ, அண்ணா. திரும்பி வந்து நிறுத்தறப்போ மறக்காம நாலு பல் இறக்கி வெச்சுடு" என்றாள்.