வேட்டை ஓய்ந்த நாயின் உறுமல்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில், மானாவாரிப் புஞ்சைகளையும் அவற்றை வருஷாவருஷம் விழுங்கிக்கொண்டு வரும் சீமைக்கருவேலங்காட்டையும் பார்த்துக்கொண்டே செல்கிறவர்கள், இந்தக் காடு மண்டுவதற்கு முன் வெட்டவெளியாய்க் கிடந்த நிலத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால், வயிறு ஒட்டி, நெஞ்சு இறங்கி, கால் நீண்ட கன்னி நாயும் சிப்பிப்பாறை நாயும் இந்தச் சீமைக்கு ஏன் வாய்த்தன என்பது தானாகவே விளங்கிவிடும். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி, முயலைப் பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட ஜாதிகள் அவை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை இன்று குற்றம். சட்டம் வேட்டையைத் தடுக்கலாம். ஓட்டத்தை அந்த ரத்தத்திலிருந்து எடுத்துவிட முடியாது.

அப்படிப்பட்ட நாயொன்று, வயதாகி வேகம் குறைந்தபின், காட்டுவீட்டுச் சங்கிலியிலிருந்து அவிழ்க்கப்பட்டு டவுனில் ஒரு குடும்பத்தாரிடம் வந்து சேர்கிறதென்று வைத்துக்கொள்வோம். முதல் சில நாட்கள் மூலையில் சாதுவாய்ப் படுத்துக் கிடக்கும். பிறகு ஒரு மத்தியானம், திண்ணையில் அரைக்கண் திறந்தபடி தூங்கும் அதன் முதுகை வீட்டுப் பிள்ளை ஆசையாய்த் தடவப்போக, அது உடம்பை விறைத்து, உதட்டைச் சுருக்கி, தொண்டைக்குள்ளேயே ஒரு உறுமலை உருட்டும். "சோறு போட்ட கையையே கடிக்க வருதே, நன்றி கெட்ட நாய்!" என்று வீடே அதன்மேல் பழி போட்டுவிடுகிறது.

இதில் நன்றிக்கும் துரோகத்திற்கும் இடமே இல்லை என்பது என் அபிப்பிராயம். அயல்நாடுகளில் பந்தயத்திலிருந்து ஓய்ந்த கிரேஹவுண்டு நாய்களை வீட்டுக்கு அழைத்துப் போனவர்களும் இதே உறுமலைத்தான் கேட்டார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் 2018-இல் ஜனங்கள் வாக்களித்து நாய்ப் பந்தயத்தை நிறுத்த முடிவு செய்தார்கள். அதே வருஷம் மக்காவ் நகரத்துப் பந்தயத் திடலும் மூடப்பட, அங்கே எஞ்சிய ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நாய்களுக்குப் புது வீடு தேட வேண்டியதாயிற்று. பந்தயக் காலமெல்லாம் தனிக் கூண்டிலே தூங்கிய அப்படிப்பட்ட நாயைத் தூக்கத்தில் ஒருவரும் தொட்டதில்லை. அதன் தட்டிலே இன்னொரு கை நுழைந்ததுமில்லை. திடீரென்று தொட்டால், யார் தொட்டதென்று அறியுமுன்னே உடம்பு தற்காப்பில் இறங்கிவிடுகிறது. நம் ஊர்ச் சங்கிலி நாய்க்கும் அதே கதைதான். போதாக்குறைக்கு, கேப்பைக்கூழுக்குக்கூட நாலு நாயோடு போட்டியிட்டு வளர்ந்திருந்தால் சட்டியருகே யார் வந்தாலும் அதற்குச் சந்தேகம்.

உறுமல் என்பது கடிப்பதற்கு முன் நாய் கொடுக்கும் அவகாசம். அதைக் கம்பெடுத்து அடக்குகிறவர்களை நினைத்தால், கண்மாய்க் கரையில் கசிவைக் கண்டதும் மேலே சேற்றைப் பூசி மறைத்துவிட்டு நிம்மதியாய்ப் படுக்கப்போகிறவனின் ஞாபகந்தான் வருகிறது. அடிபட்ட நாய் கற்றுக்கொள்வதெல்லாம் உறுமக்கூடாது என்பதுதான். அதன் பயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இனிமேல் அது எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

செய்ய வேண்டியது சொற்பமே. தூங்கும் நாயைத் தொடாமல், தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, அது எழுந்து தானே வரும்வரை பொறுக்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத மூலையொன்றை அதற்கென்று ஒதுக்கி, அங்கே பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டியைப் பிடுங்கிப் பழக்குகிறேன் என்று கிளம்புவது வீண் வம்பு. உறுமாத தூரத்திலிருந்தே வெந்த ஈரல் துண்டொன்றைச் சட்டிக்குள் போட்டுவிட்டு விலகிவந்தால், மனுஷக் கை எடுக்க வருவதில்லை, கொடுக்கத்தான் வருகிறது என்பது அதற்கு மெள்ள மெள்ளப் பதிந்துவிடும். விளையாட்டிலே, முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தாழ்த்திக்கொண்டு உறுமுவதும் உண்டு. அது குஷி, அதற்குப் பயப்பட வேண்டாம்.

திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷி, திருவண்ணாமலை ஆசிரமத்து நாய்களைப் பற்றிப் பேசும்போது மனுஷரைச் சொல்வதுபோலவே மரியாதையாய்ச் சொல்வாராம். ஜாக்கி என்ற நாய்க்கு அங்கே சமாதியே இருக்கிறது. அவ்வளவு பக்குவம் நமக்கு வராவிட்டாலும், ஒரு பிராணி விலகச் சொன்னால் விலகுகிற மரியாதை எல்லோராலும் முடிந்ததுதான்.

ஆனால் வெகுநாள் சாதுவாயிருந்த நாய் திடீரென்று உறுமத் தொடங்கினால், அதைச் சுபாவமென்று விட்டுவிடக்கூடாது. சொத்தைப் பல்லோ, காதுச் சீழோ, பழைய ஓட்டத்தில் பட்ட மூட்டு அடியோ உள்ளே வலிக்கக்கூடும். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வந்த வாரத்திலேயே போட்டுவிடுவது உத்தமம். இவ்வளவையும் மீறிப் பல் பட்டுவிட்டால், புண்ணில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பாமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.